பார்த்ததைக் காட்டிக்கொடுக்கும் வெளிச்சம்

பிப்ரவரி 4

அன்புள்ள பல்லுக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் வாண்டுவும் நலம்தானே? நமக்கு நடுவில் உட்கார்ந்து இதைப் படிக்கிற ஐயாவும் நலமாக இருக்கட்டும். இங்கே உள்ளே வருகிற கடிதமும் வெளியே போகிற கடிதமும் அவர் கண்ணில் பட்ட பிறகுதானே நகர்கிறது! வாண்டு தலையில் பேன் வந்த கதை, உங்கள் முதுகுவலிக் கதை, குப்பைத் தொட்டிக்காக எதிர்வீட்டு டாக்டரம்மாவோடு நீங்கள் போட்ட சண்டை, எல்லாம் அவருக்கு அத்துப்படி. முகம்தான் தெரியாதே தவிர, மனுஷர் இந்நேரம் சொந்தக்காரர் ஆகியிருப்பார்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்ச் 29ஆம் தேதி பரிசோதனைக் குழு வருகிறது. இயக்குநர் கூப்பிட்டுச் சொன்னார். "மேடம், கருவி தேறிடுச்சுன்னா அன்னைக்கே உங்களை வண்டியில ஏத்தி வீட்டுக்கு அனுப்பிடறேன். இது என் வார்த்தை." நான் சும்மா இருப்பேனா? "ஒரு வருஷம்தான்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்களே சார், அதுவும் உங்க வார்த்தைதான்" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நாலு வருஷமாக அந்தக் கண்ணாடி மாதிரி சுத்தமான கண்ணாடி உலகத்திலேயே கிடையாது.

என் தலைக்குள் இருப்பது வெளியே போய்விடக் கூடாதாம். அதனால் தலையோடு சேர்த்து என்னையும் வைத்திருக்கிறார்கள். கருவி ஓட ஆரம்பித்துவிட்டால் தலைக்கு மதிப்பில்லை, எடுத்துக்கொண்டு போகலாம். என் அறை ஜன்னல் திறக்காது. தூசு வரக் கூடாது என்று திருகாணி போட்டு இறுக்கிவிட்டார்கள். அதன் வழியாக மதில் தெரியும், மதிலுக்கு மேலே ஒரு மரத்தின் உச்சி தெரியும். அது என்ன மரம் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் கட்டடத்தைச் சுற்றி நடப்பேன். கேட் பக்கம் போனால் காவலாளி எழுந்து நின்று, "இதுக்கு மேல வேணாம் மேடம்" என்று கும்பிடாத குறையாகச் சொல்வார். உடனே உட்கார நாற்காலியும் போடுவார். கத்தினால் திருப்பிக் கத்தலாம். நாற்காலி போடுகிறவரிடம் என்ன செய்வது? உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

"அம்மா அங்க என்னதான் பண்றாங்க?" என்று வாண்டு கேட்டதாக எழுதியிருந்தீர்கள். குவாண்டம் என்ற வார்த்தையைக் கேட்டாலே நீங்கள் கொட்டாவி விடுவீர்கள், அதனால் நானே சொல்கிறேன். வெளிச்சம் பொடிப்பொடித் துகளாக வருவது. அதை ஒவ்வொன்றாக அனுப்பினால், நடுவில் யார் எட்டிப் பார்த்தாலும் அந்தத் துகள் மாறிவிடும். பார்த்தவனால் அதைப் பழையபடி ஆக்க முடியாது. ஈரச் சிமெண்டுத் தரையில் நடந்தால் கால் பதிகிற மாதிரி. அனுப்பினவரும் வாங்கினவரும் ஒரு பிடித் துகளை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், நடுவில் திருடன் வந்தானா இல்லையா என்று தெரிந்துவிடும். பூட்டும் வேண்டாம் சாவியும் வேண்டாம். பார்த்ததே பார்த்தவனைக் காட்டிக்கொடுக்கும். இவ்வளவுதான் அம்மா கண்டுபிடித்தது என்று சொல்லுங்கள். இதற்குத்தான் அம்மாவைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டாம்.

மருந்தை வேளைக்குப் போடவும்.

உங்கள்
வெளிச்சக்காரி


பிப்ரவரி 17

என் வெளிச்சக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. கடைக்கு வந்திருந்த பெரியவருக்குப் பல் செட்டுக்கு அளவெடுக்க வாயில் மாவை வைத்துவிட்டுத்தான் பிரித்தேன். மார்ச் 29 என்று படித்ததும் நான் போட்ட சத்தத்தில் அவர் என்ன ஏது என்று கேட்கப் பார்க்கிறார், வாய் முழுக்க மாவு. "என் பொண்டாட்டி வர்றா சார்" என்றேன். "ம்ம்ம்" என்றார். அளவு கோணலாகிவிட்டது, திரும்ப எடுத்தேன். அவர் கோபப்படவில்லை.

உடனே வேலையில் இறங்கிவிட்டேன். நம் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியாகிவிட்டது. கடையின் பின்பக்கம் நீ முதன்முதலில் அந்தச் சோதனையைச் செய்த மேஜை இன்னும் அங்கேதான் கிடக்கிறது. ஞாபகம் இருக்கிறதா? உன் காலேஜில் இடம் கொடுக்காமல், "கணக்கு அழகா இருக்கும்மா, ஆனா இதனால யாருக்கு என்ன உபயோகம்?" என்று உன் துறைத் தலைவர் கேட்ட காலம். பல்லுக்கு மெருகேற்றுகிற என் மோட்டார் ஓடினால் உன் கண்ணாடிகள் ஆடுகின்றன என்று மழைக்காலம் முழுக்க மோட்டாரை நிறுத்திவைத்தேன். ஊரில் பாதிப் பேர் பல் இல்லாமல் கஞ்சி குடித்தார்கள். பொண்டாட்டி வெளிச்சத்தை எண்ணுகிறாள், புருஷன் பல்லை எண்ணுகிறான் என்று கேலி பேசாத வாய் கிடையாது. அப்புறம் உன் பெயர் பாடப் புத்தகத்தில் வந்தது. அதற்கும் அப்புறம் உன்னைக் கூட்டிப்போக அந்தக் கார் வந்தது. கேலி பேசினவர்கள் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது.

வாண்டுவிடம் சிமெண்டுத் தரையைச் சொன்னேன். சட்டென்று புரிந்துகொண்டாள். "அப்ப அம்மா லெட்டர் மேல இருக்குற ஊதா முத்திரைதான் படிக்கிறவரு கால் தடமா?" என்றாள்.

இன்னொன்றும் கேட்டாள். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன், உனக்குத் தெரிய வேண்டும். "அம்மா வந்தா எங்க படுப்பாங்க?" என்றாள். உன் இடத்தில் இப்போது அவள்தான் படுக்கிறாள். அந்த இடம் உன்னுடையது என்றே அவளுக்கு ஞாபகம் இல்லை. நீ போகும்போது அவளுக்கு ஐந்து வயது, குற்றம் சொல்ல முடியாது. சீக்கிரம் வா. இன்னும் நாள் போனால் நாங்கள் இருவர் மட்டுமே உள்ள வீடாக இது இறுகிப்போய்விடும். பயமாக இருக்கிறது.

அவள் வரைந்த படம் இதோடு இருக்கிறது.

உன்
பல்லுக்காரன்


மார்ச் 2

அன்புள்ள பல்லுக்காரருக்கு,

கடிதமும் படமும் கிடைத்தன. நான் நலம். இங்கே நல்ல மழை. சோப்பு மாற்றிவிட்டார்கள், புது சோப்புக்கு நுரையே வருவதில்லை. காவலாளிக்கு இருமல், நான்கூட மாத்திரை கொடுத்தேன்.

வெள்ளையடிக்க அவசரம் இல்லை. மழை விடட்டும். வாண்டு எங்கே படுக்கிறாளோ அங்கேயே படுக்கட்டும், அவளை நகர்த்த வேண்டாம்.

பரிசோதனை நடக்கும்போது நடக்கும். அதைப் பற்றி இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

உங்கள்
வெளிச்சக்காரி


மார்ச் 9

வெளிச்சக்காரி,

இது என்ன கடிதம்? சோப்புக்கு நுரை வரவில்லை என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தாயா?

பதினோரு வருஷம் உன்னோடு குடும்பம் நடத்தியவன் நான், அதில் நாலு வருஷம் தபாலில். நீ எதையாவது மறைக்கும்போது வாக்கியம் சின்னதாகிவிடும். காரில் ஏறின அன்றைக்கும் அப்படித்தான். "போயிட்டு வந்துடறேன். பால் அடுப்புல இருக்கு." அவ்வளவுதான் சொன்னாய். ஒரு வருஷம் என்று காருக்காரர்கள்தான் என்னிடம் சொன்னார்கள்.

வெள்ளையடிக்க வேண்டாமா? அடித்தாகிவிட்டது. அவளை நகர்த்த வேண்டாமா? நகர்த்தியாகிவிட்டது, நேற்றிலிருந்து தனியாகப் படுத்துப் பழகுகிறாள், உனக்காக. ராத்திரி பயந்தும் என்னை எழுப்பவில்லை என்று காலையில் பெருமையாகச் சொன்னாள். அந்தக் குழந்தையிடம் நான் போய், அம்மா சோப்பைப் பற்றி எழுதியிருக்கிறாள் என்றா சொல்வேன்?

எனக்கு ஒரு சந்தேகம். சொன்னால் கோபப்படுவாய், படு. உனக்கு அங்கேயே பிடித்துப்போய்விட்டதா? நாற்காலி போடுகிறார்கள், மேடம் மேடம் என்கிறார்கள், கண்ணாடியை ஆட்டுகிற மோட்டார் கிடையாது, ஜுரம் வருகிற பிள்ளை கிடையாது. வீட்டுக்கு வருவது உனக்குத்தான் பாரமாகிவிட்டதா? அப்படி என்றால் அப்படியே எழுது. தாங்கிக்கொள்வேன். தாங்காவிட்டாலும் அது என் பாடு.

எதுவாக இருந்தாலும் உள்ளதை எழுது. நடுவில் ஒருவர் படிக்கிறார் என்பதற்காக என்னிடம் பொய் சொல்லாதே. நான் உன்னைக் கட்டிக்கொண்டேன், அவரை இல்லை.

கோபத்தோடும் கவலையோடும்
உன்
பல்லுக்காரன்


மார்ச் 14

அன்புள்ளவருக்கு,

எனக்கு இங்கே பிடித்துப்போய்விட்டதா என்று கேட்டுவிட்டீர்கள். இரண்டு நாள் உங்கள்மேல் அப்படி ஒரு கோபம். அப்புறம் யோசித்தேன், நான் சொல்லாவிட்டால் நீங்கள் வேறு என்னதான் நினைப்பீர்கள்? சொல்கிறேன்.

வாண்டு வரைந்த படம் வந்த அன்று மத்தியானம். நீங்கள் இருவரும் கைகோத்து நிற்கிறீர்கள். பக்கத்தில் ஒரு ஜன்னல், அதற்குள் யாரும் இல்லை. கீழே 'அம்மா' என்று எழுதியிருக்கிறாள். அதை மேஜையில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன். கண்ணாடிகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்க ஒரு பலமான விளக்கு உண்டு. பார்த்து முடித்ததும் அதை அணைத்துவிட்டுத்தான் கருவியை ஓட்ட வேண்டும். இந்த வேலைக்கு வந்த முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிற பாலபாடம். அன்றைக்கு நான் அணைக்க மறந்துவிட்டேன். நினைப்பெல்லாம் ஜன்னலில்.

அவ்வளவு வெளிச்சம் உள்ளே பாய்ந்தால் கருவி அலற வேண்டும். திருடன், திருடன் என்று பிழை எண் ஏறிக்கொண்டே போக வேண்டும். பார்க்கிறேன், பூஜ்யம். முதலில் சிரித்தேன், ஏதோ கம்பி கழன்றுவிட்டது என்று. கம்பி கழலவில்லை. துகளை எண்ணுகிற டிடெக்டர் இருக்கிறதே, அதற்குப் பலமான வெளிச்சத்தில் கண் கூசிப்போகிறது. கூசின பிறகு அது துகளை எண்ணுவதே இல்லை. எட்ட இருந்து எவன் எப்படிச் சொல்கிறானோ அப்படி எண்ணிக் காட்டுகிறது. திருடன் முதலில் விளக்கை அடித்துக் கூசவைத்துவிட்டு நிதானமாக எல்லாவற்றையும் படிக்கலாம். எங்களுக்கு ஒரு தடயமும் இருக்காது. உதவியாளர் சாப்பிடப் போகும்போதெல்லாம் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பூஜ்யம்.

நான் போட்ட கணக்கில் தப்பில்லை. அது இன்றைக்கும் சுத்தமாகத்தான் இருக்கிறது. தப்பு நாங்கள் செய்த பொருளில். குழு எதையெதையோ சோதிக்கும், இதைச் சோதிக்காது. எனக்கே தோன்றாதது அவர்களுக்கு எங்கே தோன்றப் போகிறது? நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் 29ஆம் தேதி வண்டியில் இருப்பேன்.

ஆனால் இந்தக் கருவி வழியாக முதலில் எது போகப் போகிறது தெரியுமா? வழக்குகளில் சாட்சி சொல்லிவிட்டு உயிருக்குப் பயந்து ஒளிந்திருக்கிறவர்களின் விலாசம். இதில் அனுப்பினால் யாரும் பார்க்க முடியாது என்று நான்தான் உத்தரவாதம் கொடுத்திருக்கிறேன்.

இயக்குநர் அறை வாசல் வரை பல தடவை போனேன். "வாங்க மேடம், டீ சாப்பிடறீங்களா?" என்பார். டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். சொன்னால் டிடெக்டரைப் புதிதாகச் செய்ய வேண்டும். இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ ஆகும். அது முடியும் வரை அந்தத் திறக்காத ஜன்னல்தான். இதை நினைத்ததும் வாய் திறக்க மாட்டேன் என்கிறது. எவ்வளவு பெரிய விஞ்ஞானி, டீக் கோப்பைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறேன்.

உங்களுக்கு இதை எழுதுவதும் அவர்களிடம் சொல்வதும் ஒன்றுதான். தெரிந்துதான் எழுதுகிறேன். நாளைக்கு ஐயா படிப்பார், படித்ததும் இயக்குநரிடம் ஓடுவார். அவர் கூப்பிடுவார், நான் ஆமாம் என்று தலையாட்ட வேண்டியதுதான். அவ்வளவுக்குத்தான் எனக்குத் தைரியம் இருக்கிறது. உள்ளதை எழுது என்றீர்களே, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

நான் வரவில்லை. வாண்டு அவள் பழைய இடத்திலேயே படுக்கட்டும். என்னை வெறுக்காதீர்கள் என்று கேட்க மாட்டேன், கொஞ்சம் வெறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்களோடு இருக்க எனக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் இனிமேல் எழுதாதீர்கள். அதைத் தாங்குகிற அளவுக்கு இந்த அறை பெரியது இல்லை.

உங்கள்
வெளிச்சக்காரி


மார்ச் 22

என் வெளிச்சக்காரிக்கு,

இந்நேரம் இயக்குநர் கூப்பிடுவார் கூப்பிடுவார் என்று காத்துக்கொண்டிருப்பாய். கூப்பிட மாட்டார். அவருக்குத் தெரியாது.

உன் கடிதங்கள் எப்போதும் உறையை ஓரத்தில் வெட்டி, திரும்ப ஒட்டி, ஊதா முத்திரை குத்தித்தான் வரும். இது அப்படி வரவில்லை. நீ நாக்கால் நனைத்து ஒட்டின பசை அப்படியே இருந்தது. நாலு வருஷத்தில் முதல் தடவையாக உன் கடிதத்தை நான்தான் முதலில் பிரித்தேன். ஐயாவுக்கு உடம்பு சரியில்லையோ, இல்லை பேனும் முதுகுவலியும் சோப்பும் படித்துப் படித்து, இந்தக் குடும்பத்தில் இனி என்ன இருக்கப் போகிறது என்று தள்ளிவிட்டாரோ, தெரியாது. நீ வாழ்க்கையிலேயே பெரிய கடிதத்தை எழுதின அன்றைக்குப் பார்த்து அவர் படிக்கவில்லை.

படித்து முடித்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். உன்னிடம் மறைக்கப் போவதில்லை. ஒருத்தருக்கும் தெரியாது! நான் சும்மா இருந்தால் போதும். குழு வரும், போகும், நீ வண்டியில் ஏறுவாய். ஏன் யாரும் எதுவும் கேட்கவில்லை என்று உனக்குக் குழப்பமாக இருக்கும். மேலிடத்தில் தெரிந்தே மூடிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வாய். நானும் அப்படித்தான் இருக்கும் என்பேன். கடிதத்தை மாவு மூட்டைக்கு அடியில் வைத்துவிட்டு, வாண்டுவைக் கூட்டிக்கொண்டு போய் அவளுக்கு ஒரு கட்டில் வாங்கினேன். அவளிடம் 29ஆம் தேதி என்று சொன்னேன். அவள் காலண்டரில் வட்டம் போட்டாள்.

நேற்று முன்தினம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். முன்பல் எல்லாம் உடைந்திருந்தது. விழுந்து உடைந்த பல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது விழுந்தது இல்லை. அளவெடுத்துவிட்டு வழக்கம்போல விலாசம் கேட்டேன். "விலாசம் வேணாம் சார். நானே வந்து வாங்கிக்கிறேன்" என்றாள். "எப்ப வருவீங்க?" "வர முடியறப்ப." வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்கள், அந்தச் சத்தத்துக்கு என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாட்சியோ வேறு என்னவோ, நான் கேட்கவில்லை. அவள் போன பிறகு அந்த அச்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மோட்டாரைப் போட மனம் வரவில்லை.

உனக்கும் அவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, உன் வார்த்தையை ஒரு தடயமும் இல்லாமல் பிடித்துவைத்துக்கொண்டவன் இப்போது நான்தான். நீ சொன்னாய், உயிரைக் கொடுத்துச் சொன்னாய். நான் அதைத் திருடி மூட்டைக்கு அடியில் வைத்திருக்கிறேன். இதோடு நீ வந்தால் உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? நீ பக்கத்தில் படுத்திருக்கும்போது எனக்குத் தூக்கம் வருமா? உன்னை வரவழைக்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். ஆனால் வருகிறவள் நீயாக இருக்க வேண்டும்.

வாண்டுவிடம் நேற்று சாயங்காலம் சொல்லிவிட்டேன். "அம்மா தப்பு பண்ணிட்டாங்களா?" என்றாள். "இல்ல. தப்பு இருக்குன்னு சொல்லிட்டாங்க." "சொல்லாம இருந்திருக்கலாம்ல?" என்றாள். "இருந்திருக்கலாம்" என்றேன். அழுதாள். நானும் அழுதேன், அவளுக்கு முன்னாலேயே. புதுக் கட்டிலை விட்டு எழுந்து வந்து, என் பக்கத்தில் உன் இடத்தைத் தாண்டி ஓரமாகப் படுத்துக்கொண்டாள். அந்த இடத்தில் நான் கை வைத்துக்கொண்டு தூங்கினேன்.

நீயே நேரே போய்ச் சொல்லியிருந்தால் நல்லது. டீயைக் குடித்துவிட்டுத் திரும்பியிருந்தாலும் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ தலையாட்டினால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நடுவில் இருக்கிற ஐயாவுக்கு: போன கடிதத்தை விட்டுவிட்டீர்கள். இதை விட்டுவிடாதீர்கள். பலமான விளக்கைக் காட்டினால் அங்கே இருக்கிற கருவிக்குக் கண் கூசிவிடுகிறது. அப்போது திருடன் வந்துபோனாலும் அது சொல்லாது. கண்டுபிடித்தது என் மனைவி. குழு வருவதற்குள் இயக்குநரிடம் சொல்லிவிடுங்கள். பிரிக்கிற சிரமம்கூட உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இந்த உறையை ஒட்டாமல் அனுப்புகிறேன்.

உன்
பல்லுக்காரன்